கட்டுத்தரையில் போட்ட கோலம்

போன செவ்வாய்க்கிழமை வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் ஆள் போன் செய்தார். "பத்து மணிக்கு வரேன் மேடம்" என்றார். போனை வைத்ததும் நான் முதலில் எதைத் தேடினேன், சொல்லுங்கள் பார்க்கலாம்? துடைப்பத்தை!

ஃபில்டர் இருப்பது சமையலறையில். நான் கூட்டியது ஹாலை. சோபாவில் மடிக்காமல் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். டீப்பாய் மேல் இருந்த மாத்திரை டப்பா, ரிமோட், பாதி உரித்த வெங்காயம்... எல்லாம் போன இடம் தெரியவில்லை. என் கணவர் பேப்பரை இறக்காமலே கேட்டார் — "பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான். கேஸ் அடுப்பு பார்க்க வருகிறவர், கணக்கெடுப்புக்கு வருகிற டீச்சர், இன்ஷூரன்ஸ்காரர் — யார் வந்தாலும் நம் வீடு பத்து நிமிடத்தில் வேறு யாருடைய வீடாகவோ மாறிவிடுகிறது. நாம் தினமும் எப்படி வாழ்கிறோம் என்பதை வருகிறவர் பார்த்துவிடக் கூடாது. அதில் அப்படி ஒரு பிடிவாதம் நமக்கு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். என் சித்தி மகள் மரகதத்துக்கு நடந்ததைக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன்.

மரகதம் இருப்பது எருத்தேன்பதிப் பக்கம். பாலக்காடு ஜில்லாதான். ஆனால் ரேஷன் கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோயமுத்தூர். பேச்சு, சாப்பாடு, சம்பந்தம் எல்லாம் கிழக்கே பார்த்துத்தான். மலையாளம் அவளுக்குக் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதாவது பேசினால் புரியும், எழுதினால் புரியாது. கல்யாணமாகிப் பாலக்காடு டவுனுக்கு வந்த நான், வேறு வழியில்லாமல் இரண்டையும் கற்றுக்கொண்டேன். அதனால் சொந்தத்தில் யாருக்கு கவர்ன்மென்ட் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்லும் வேலை என் தலையில்தான் விடியும்.

அவள் கணவர் பழனிச்சாமி அடுத்தவர் தோப்பில் வேலைக்குப் போகிறவர். வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தவை மரகதத்தின் மாடுகள். செவலை, மயிலை என்று இரண்டு கறவை, பின்னால் ஒரு கன்று. பால் சொசைட்டியில் அவள் பேரில்தான் ஊற்றினாள். பெண்ணை நர்ஸிங் படிக்க வைத்தது அந்தப் பால். அவள் கழுத்தில் கிடக்கும் செயினும் அந்தப் பால்தான். "எங்கூட்டுல அவரு சம்பளம் வந்தா அரிசிங்க்கா. மத்ததெல்லாம் செவலைதானுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்த வீட்டின் மேல்தான் ஒரு புது ரோடு வந்தது. அகலமான ரோடு. எந்த ரோடு, யார் போடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்த ரோடாக இருந்தாலும் கதை பெரும்பாலும் இதேதான். கல் நட்டார்கள். வீடும் கட்டுத்தரையும் கல்லுக்கு உள்ளே வந்துவிட்டன. கட்டுத்தரை என்றால் தெரியுமல்லவா? மாடு கட்டுகிற இடம். மரகதம் அதற்குச் சிமென்ட் தளம் போட்டு, மேலே ஷீட்டு போட்டு, தன் வீட்டைவிட நன்றாகவே வைத்திருந்தாள்.

வீடு இழக்கிறவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில் மனை ஒதுக்கினார்கள். முன்வரிசை மனைகள் சின்னவை. வீடு கட்டினால் சரியாகப் போய்விடும். பின்வரிசை மனைகள் நீளமானவை. ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு இல்லையா? இதை யோசித்த அதிகாரி யாரோ, அவருக்கு என் கும்பிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் பின்வரிசை யார் யாருக்கு என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு நாள். ஆபீசர்கள் வீடு வீடாக வந்து, என்ன இருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்துப் போகும் நாள். இந்த விவரம் மலையாளத்தில் அச்சடித்த நோட்டீஸில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. ஊருக்குள் வந்து சொன்னவர்கள் இவ்வளவுதான் சொன்னார்கள் — "புதன்கெழம ஆபீசருங்க வர்றாங்க, எல்லாரும் ஊட்டுல இருங்க."

ஆபீசர்கள் வருகிறார்கள்! மரகதத்துக்கு அது போதாதா?

விடிந்ததும் விடியாததுமாகச் சாணியை வழித்துப் போட்டிருக்கிறாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தளத்தைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். குப்பைமேட்டைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறாள். மாடு கத்தினால், மூத்திரம் பெய்தால், வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே... செவலையையும் மயிலையையும் கன்றையும் பழனிச்சாமியோடு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டாள். சாம்பிராணி போட்டாள். கடைசியாக, ஈரம் காய்ந்த தளத்தில் ஒரு கோலமும் போட்டாள். கட்டுத்தரையில்!

ஆபீசர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். சாயந்திரம் எனக்குப் போன். குரலில் அவ்வளவு பெருமை.

"மாடு கட்டுன எடமாட்டவே தெரியிலீங்க்கா!"

எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வில்லேஜ் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நான்தான் போய்ப் படித்தேன். மரகதத்துக்கு முன்வரிசை மனை. குறிப்பு என்ற இடத்தில் — தொழுவம் உபயோகத்தில் இல்லை.

அதைத் தமிழில் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"உபயோகத்துல இல்லீன்னா... என்னங்க்கா அர்த்தம்?"

"அங்க மாடு இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"மாடு இல்லீங்களா? இப்பத்தானுங்க்கா பீச்சி ஊத்திப்போட்டு வந்தேன்!"

கையைக்கூட நீட்டிக் காட்டினாள். பால் வாசம் போகாத கை. அந்தக் குறிப்பை நான் இன்னொரு தடவை படித்தேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதுதான் ரொம்பப் படுத்தும்.

மேல்முறையீட்டுக்கு ஒரு அதாலத், அதாவது நேரில் குறை கேட்கிற கூட்டம், வைத்தார்கள். நானும் கூடப் போனேன். சொசைட்டி செக்ரட்டரியிடம் எழுதி வாங்கியிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வந்து நின்றார். விசாரித்த அதிகாரி ஒரு பெண். நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் அன்று வந்த அதே இன்ஜினியர். சின்ன வயசு. லேப்டாப்பைத் திருப்பிப் போட்டோவைக் காட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, அழகான போட்டோ. பளபளவென்று தளம். நடுவில் கோலம். ஓரத்தில் சாம்பிராணிப் புகைகூட லேசாகத் தெரிகிறது. காலண்டருக்குப் போடலாம்.

"அம்மே, அன்னு ஞங்ஙள் வந்நப்போ தொழுத்து காலியாயிருந்நு" என்றார் இன்ஜினியர். நாங்கள் வந்த அன்று தொழுவம் காலியாகத்தான் இருந்தது என்கிறார். பொய் இல்லையே!

"நீங்க வர்றீங்கன்னுதானுங்க சாரே காலி பண்ணுனேன்!" என்றாள் மரகதம்.

அந்த அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். சொசைட்டிக் கடிதத்தைப் படித்துவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து, "இவங்க பால் ஊத்துறாங்கன்னு இதில் இருக்கு. மாடு இந்த எடத்தில்தான் இருந்ததுன்னு இல்லையே. வேற எடத்தில் கட்டியிருக்கலாம்னு யாராவது கேட்டால் நான் எந்து பறயும், என்ன சொல்லுவேன்?" என்றார்.

மரகதம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டாள் —

"அன்னைக்கு எங்கூட்டுல ரெண்டு கிளாசு காப்பி குடிச்சீங்களே சாரே, அது எந்த மாட்டுப் பாலுங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்கும் தெரியும். இரண்டாவது கிளாஸை அவரே கேட்டு வாங்கிக் குடித்தாராம். ஆனால் குடித்த காப்பியை எந்தக் கோப்பில் சேர்ப்பது?

எப்படியோ, இன்னொரு தடவை நேரில் வந்து பார்க்க அந்த அம்மா உத்தரவு போட்டார். மரகதத்துக்கு மட்டும் இல்லை, புகார் கொடுத்த எல்லோருக்கும். பஸ் ஏறும்போதே நான் பாடம் எடுத்தேன். முதல் நாள் போனிலும் மறுபடி எடுத்தேன்.

"மரகதம், கேட்டுக்க. சாணி கெடக்கணும். மூத்திரம் கெடக்கணும். ஈ பறக்கணும். வர்றவங்க மூக்கைப் பொத்தணும். நீ துடைப்பத்தைத் தொடக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க்கா."

"கோலம்?"

"அய்யோ, போட மாட்டனுங்க்கா!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். போய்ப் பார்த்தால்...

கோலம் இல்லை. அந்த வாக்கை மட்டும் காப்பாற்றியிருந்தாள். மாடுகள் இருந்தன. ஆனால் எப்படி இருந்தன? குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் புதுக் கயிறு. தளம் மறுபடி பளபள. ஒரு துளி சாணி இல்லை. செவலை வாலைத் தூக்கினால் போதும், கையில் முறத்தோடு பாய்வதற்குப் பழனிச்சாமி தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டி!" என்று கத்தியேவிட்டேன்.

"கொஞ்சமாத்தானுங்க்கா கூட்டுனேன்..." என்று இழுத்தாள். "வர்றவிய கால்ல ஒட்டாதுங்களா? அந்த ஆபீசரம்மாவும் வருவாங்கன்னாங்க. வெள்ளச் சேல கட்டியிருந்தாங்கன்னா?"

இவளை என்ன செய்வீர்கள்? அடிப்பீர்களா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பழைய சாணியைக் கொஞ்சம் வாரிக் கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டுவிட்டது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு வீடு தள்ளி ஒருவர். பேர் வேண்டாம், பத்திரிகை படிக்கிற மனுஷர். மாட்டைத் தொட்டே பார்க்காதவர். பின்வரிசை மனை நீளம் என்றதும் அவருக்கும் திடீரென்று கால்நடைப் பாசம் வந்து, அவரும் ஒரு புகார் கொடுத்துவிட்டார். மச்சான் வீட்டிலிருந்து ஒரு எருமையை இரவல் வாங்கி வந்து கட்டினார். கெட்டிக்காரர்! எருமையோடு ஒரு கூடை சாணியையும் சேர்த்தே இரவல் வாங்கியிருக்கிறார். பரப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈக்களை வரவழைத்து... ஆபீசர்கள் வாசலோடு நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிப் போனார்கள். அவருக்குப் பின்வரிசை கிடைத்துவிட்டது. இப்போது அங்கே கார் நிற்கிறது.

மரகதத்தின் வீட்டில் வந்து பார்த்தவர்கள் எழுதியது என்ன? சோதனையின்போது மாடுகள் இருந்தன. தளத்தில் தினசரி உபயோகத்தின் அடையாளம் இல்லை. அதாவது, உண்மையான மாட்டுக்காரி இரவல் மாட்டுக்காரி ஆகிவிட்டாள். இரவல் மாட்டுக்காரர் உண்மையானவர் ஆகிவிட்டார். முன்வரிசைதான் என்று முடித்துவிட்டார்கள்.

நான் பல நாள் இதை நினைத்து நினைத்துப் புழுங்கியிருக்கிறேன். தப்பு யார் மேல்? அந்த இன்ஜினியர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அதிகாரி அம்மா தன்னால் முடிந்த ஒரு வாய்ப்பைக் கொடுத்தார். சட்டத்தில் மாட்டுக்காரர்களுக்கு இடம் இருந்தது. எல்லாம் இருந்தும் மரகதத்துக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

நஷ்ட ஈடு என்பது நஷ்டப்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது என்று நாம் நம்புகிறோம். இல்லை. நஷ்டத்தை எடுத்துக் காட்டத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது. மரகதத்தைப் போன்றவர்களுக்குத் தங்கள் கஷ்டத்தை மூடி வைத்துத்தான் பழக்கம். வீட்டை இடிக்க அளவெடுக்க வருகிறவரைக்கூட அவர்கள் சம்பந்தி வீட்டாரைப் போலத்தான் வரவேற்பார்கள். வெயிலில் வந்திருக்கிறாரே, காப்பி கொடு என்பார்கள்.

அன்று முதல் தடவை வந்தபோதே, அந்தத் தளத்தின் ஓரத்தில் முளைக்குச்சிகள் இருந்தன. கயிறு தேய்த்துத் தேய்த்து வழவழப்பான கல்தூண் இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. வெளியே ஒரு போர் வைக்கோல் இருந்தது. போட்டோவில்கூட அதன் நிழல் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே — "அம்மா, மாடு எங்கே?" அதற்குத் தனியாக ஜி.ஓ. வேண்டுமா? காப்பி குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். அவளும் தோட்டத்தைக் கை காட்டியிருப்பாள். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கிறதுதான். முன்வரிசை மனையில் வீடு கட்டியது போக, ஒரு துளசி மாடம் வைக்க இடம் மிச்சம். வாடகைக்கு இடம் பிடித்து மாடு கட்டலாம் என்று அலைந்து பார்த்தார்கள். தோட்டக்காரர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் சரி என்றார்கள். எப்போதும் என்றால் யாரும் தயாராக இல்லை. பொள்ளாச்சி சந்தைக்குப் போகிற வியாபாரி ஒருவர் வந்தார். மயிலையும் கன்றும் ஒரு வண்டியில் போயின. செவலை ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கடைசியில் மரகதம்தான் வண்டிக்குள் முதலில் ஏறி நின்று, "வா சாமி, வா" என்று கூப்பிட்டாள். அதுவும் அவளை நம்பி ஏறிவிட்டது. அவள் இறங்கிக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நான்தான் அழுதேன்.

போன மாதம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அந்த வரிசை முழுக்க அன்று ஒரே முகூர்த்தம். விடிகாலையில் போய் இறங்கினால் தெருவெல்லாம் வாழை மரமும் மாவிலையும். நல்ல வீடுதான். டைல்ஸ் தரை, உள்ளேயே பாத்ரூம், குழாயைத் திருகினால் தண்ணீர். குறை சொல்ல முடியாது.

புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் அல்லவா? அந்த வரிசையில் ஒருவரிடமும் மாடு இல்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரு டெம்போவில் ஒரு பசுவை வாடகைக்கு வரவழைத்திருந்தார்கள். முதுகில் சிவப்புத் துணி, கொம்பில் பெயின்ட். ஒரு வீட்டுக்குள் போய், திரும்பி, அடுத்த வீடு, அடுத்த வீடு... வாடகை மாட்டுக்கு மூச்சு வாங்கியது.

மரகதத்தின் வீட்டு வாசலில் வந்ததும் அது நின்றுவிட்டது. டைல்ஸைப் பார்த்து மிரட்சி. டெம்போக்காரர் கயிற்றை இழுத்தார், பின்னால் தட்டினார். நகரவில்லை. மரகதம் ஆரத்தித் தட்டைப் பழனிச்சாமியிடம் கொடுத்துவிட்டு, அதன் தாடைக்குக் கீழே கையை வைத்து மெதுவாகத் தன் நாக்கைச் சொடுக்கினாள். ஒரு சத்தம்தான். மாடு அவள் பின்னாலேயே உள்ளே நடந்தது.

"மாடு பழக்கமுங்களா?" என்று கேட்டார் டெம்போக்காரர்.

"இருந்துச்சுங்க" என்றாள்.

ஹால் நடுவில் வந்ததும் அந்தப் பசு வாலைத் தூக்கிப் பொத்தென்று சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் டைல்ஸ் தரை, ஐயர் உட்கார வேண்டும், விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி முறத்தையும் மாப்பையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மரகதம் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"விடு கண்ணு... செத்த நேரம் கெடக்கட்டும்."

அன்றைக்குத்தான் போட்டோ எடுக்க எந்த ஆபீசரும் வரவில்லை.